காற்று கட்டும் சுங்கம்: இண்டர்கூலரின் வரலாறு

நம் சங்க மலரில் இலக்கியம் வரும், கோயில் வரலாறு வரும், சோழர் பாசனம் பற்றி ஒரு கட்டுரையாவது வரும். இஞ்சினைப் பற்றி ஒன்றும் வந்ததாக நினைவில்லை. இத்தனைக்கும் புனேயில் இருக்கும் நம்மவர்களில் எத்தனையோ பேருக்குச் சோறு போடுவது பிம்பிரி, சிஞ்ச்வட், சாக்கன் பக்கத்து மோட்டார் தொழிற்சாலைகள்தான். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் இஞ்சினை டெஸ்ட் பெட்டில் ஏற்றி, அது மூச்சு விடுவதை அளந்து பிழைத்தவன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

லாரிகளின் பின்னால் "டர்போ" என்று எழுதியிருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். சிலவற்றில் டிசிஐசி என்ற நான்கு எழுத்து இருக்கும். டர்போசார்ஜ்ட், இண்டர்கூல்ட் என்பதன் சுருக்கம். டர்போ என்ன செய்கிறது என்று கேட்டால் பத்தில் ஐந்து பேர் சொல்லிவிடுவார்கள். வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதே அச்சில் மாட்டிய இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் அதிக எரிபொருளை எரிக்கலாம், இழுவை கூடும். ஆனால் சைக்கிள் பம்பை நாலு தடவை வேகமாக அடித்தவர்களுக்குத் தெரியும், காற்றை அமுக்கினால் அது சுடும். சூடான காற்று விரிந்து போகும். அமுக்கிச் சேர்த்ததில் ஒரு பங்கு சூட்டிலேயே போய்விடும். அதனால் டர்போவுக்கும் இஞ்சினுக்கும் நடுவே ரேடியேட்டர் மாதிரி ஒரு பெட்டியை வைத்து, அதன் குழாய்களுக்குள் இந்தக் காற்றை ஓடவிட்டு, வெளியே எதிர்க்காற்று பட்டுக் குளிரச் செய்கிறார்கள். அதுதான் இண்டர்கூலர்.

இதுவரை சொன்னதெல்லாம் விளம்பரத் தாளிலேயே இருக்கும். அதில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. குளிர்ச்சி சும்மா வராது. ஒல்லியான குழாய்களுக்குள் உரசிக்கொண்டு போகும் காற்று, வெளியே வரும்போது கொஞ்சம் அழுத்தத்தை இழந்திருக்கும். இதை அழுத்த இறக்கம் என்போம். சுங்கச் சாவடியில் காசு கட்டுகிற மாதிரிதான். ஆனால் இந்தச் சாவடியில் கட்டணம் நிலையானது இல்லை. போக்குவரத்து இரண்டு மடங்கானால் கட்டணம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும்!

நம் வீட்டு காபி ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பொடியை நைசாக அரைத்து நன்றாக அழுத்தி வைத்தால் டிகாஷன் திக்காக இறங்கும், ஆனால் சொட்டுச் சொட்டாக. கொரகொரவென்று அரைத்தால் தண்ணீர் மடமடவென்று இறங்கிவிடும், டிகாஷனில் சாரம் இருக்காது. இண்டர்கூலர் செய்கிறவனுக்கும் இதே திண்டாட்டம்தான். குழாயை ஒல்லியாக்கி உள்ளே மெல்லிய தகடுகளை நெருக்கி வைத்தால் சூடு நன்றாக இறங்கும், அழுத்தமும் கூடவே இறங்கும். தாராளமாக விட்டால் காற்று சுலபமாகப் போகும், சூட்டோடு போகும்.

ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். பொடிக்குள் தண்ணீர் ஊர்கிறது. மெதுவாக ஊரும் ஓட்டத்தில் ஓட்டம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும், அவ்வளவுதான். ஆனால் குழாய்க்குள் விரைந்து சுழன்று ஓடும் காற்றுக்குக் கணக்கு வேறு. காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் எவ்வளவோ, அந்த அளவில் அழுத்தம் இறங்கும். இந்த இரண்டு கணக்கிலும் வரும் ஒரு பெயர் ஹென்றி டார்சி. பிரான்சின் டிஜோன் நகரில் 1803-இல் பிறந்த பொறியாளர். குடிநீருக்குத் தவித்த சொந்த ஊருக்கு 1840-இல் ரோசுவார் ஊற்றிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தூரம் தண்ணீர் கொண்டுவந்தவர். மணல் வழியாகத் தண்ணீர் ஊர்வதை அளந்து 1856-இலும், குழாய் வழியாக ஓடுவதை அளந்து 1857-இலும் வெளியிட்டார். குழாய்க் கணக்குக்கு ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரிப் பேராசிரியர் யூலியஸ் வைஸ்பாக் 1845-இலேயே ஒரு வடிவம் கொடுத்திருந்தார். இன்று பொறியியல் மாணவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து டார்சி–வைஸ்பாக் என்று மனப்பாடம் செய்கிறார்கள். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போட்ட கணக்கு, ஒரு நூற்றாண்டு கழித்து இஞ்சினின் மூச்சுக் குழாய்க்குப் பயன்பட்டது. சோழர் பாசனக் கட்டுரைக்கும் இதற்கும் ஒன்றுவிட்ட உறவு உண்டு போலும்.

ஒரு சின்னக் கணக்கு, பயப்பட வேண்டாம். வெளிக்காற்று 30 டிகிரி. டர்போ அதை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு, அதாவது 1 பாரிலிருந்து 2 பாருக்கு அமுக்குகிறது. அமுக்கும் சக்கரத்தின் திறன் 70 சதவீதம் என்றால் காற்று சுமார் 125 டிகிரிக்குச் சூடாகிவிடும். அழுத்தம் இரட்டித்தாலும் அடர்த்தி 1.52 மடங்குதான். இப்போது இண்டர்கூலரை மாட்டுவோம். ஏறிய சூட்டில் 70 சதவீதத்தை அது இறக்கினால் காற்று 58 டிகிரிக்கு வரும். அழுத்த இழப்பே இல்லையென்றால் அடர்த்தி 1.83 மடங்கு. 0.1 பார் இழந்தால் 1.74. அதுவும் நல்ல லாபம்தான். 0.34 பார் இழந்தால்? திரும்பவும் 1.52. குளிர வைத்ததெல்லாம் வீண், இண்டர்கூலரே இல்லாத இஞ்சினின் நிலைக்கு வந்து நிற்கிறோம். (நெருப்பறையில் சூடு குறையும் என்ற நன்மை மட்டும் மிஞ்சும்.)

சரி, டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றவிட்டு அந்த இழப்பை ஈடுகட்டலாமே என்றால், கட்டலாம். 0.3 பார் இழப்பைச் சரிக்கட்ட டர்போ 2.3 பாருக்கு அமுக்க வேண்டும். அப்போது காற்று 125-க்குப் பதிலாக 146 டிகிரியில் வெளிவரும். அந்தச் சூட்டையும் இண்டர்கூலர்தான் இறக்க வேண்டும். கடனை அடைக்கக் கடன் வாங்குகிற கதை.

இனி வரலாற்றுக்கு வருவோம். டர்போவுக்கு வித்திட்டவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி. 1905-இல் காப்புரிமை பெற்றார். நடைமுறையில் வெற்றி பெற இருபது வருஷம் ஆயிற்று. 1926-இல் ஜெர்மனியில் ஓடத் தொடங்கிய பிராய்சன், ஹான்செஸ்டாட் டான்சிக் என்ற இரு கப்பல்களின் டீசல் இஞ்சின்கள் இவருடைய முறையால் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500-க்கு உயர்ந்தன. இதற்கிடையே அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ், 1918-இல் கொலராடோவின் பைக்ஸ் பீக் என்ற 4,300 மீட்டர் மலை உச்சிக்கு லிபர்ட்டி விமான இஞ்சினைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். கீழே 350 குதிரைத்திறன் தந்த இஞ்சின் அங்கே 230-தான் தந்தது. டர்போ மாட்டியதும் 356! உயரத்தில் காற்று மெலியும், டர்போ அதை ஈடு செய்யும் என்பது நிரூபணமாயிற்று. அதன் பிறகு டர்போ விமானக்காரர்களின் கைக்குப் போனது. அழுத்தம் கூடக்கூடச் சூடும் கூடியது. காற்றைக் குளிர வைக்கும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது.

இந்த வேலையின் இனிப்பு கசப்பு இரண்டையும் ருசித்த விமானம் லாக்ஹீட் நிறுவனத்தின் பி-38 லைட்னிங். 1939 ஜனவரியில் முதலில் பறந்தது. இரட்டை வால், இரண்டு ஆலிசன் இஞ்சின், ஆளுக்கொரு டர்போ. இதன் இண்டர்கூலரை எங்கே வைத்தார்கள் தெரியுமா? எங்கேயும் வைக்கவில்லை, இறக்கையையே இண்டர்கூலர் ஆக்கிவிட்டார்கள். டர்போவிலிருந்து வரும் சூடான காற்று இறக்கையின் முன்விளிம்புக்குள்ளேயே வெளிப்பக்கமாகப் போய்த் திரும்பி வரும். இறக்கையின் தோலில் மோதும் குளிர்காற்று சூட்டை வாங்கிக்கொள்ளும். தனிப் பெட்டி இல்லை, காற்றுக்கு எதிராக நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் இல்லை. தாளில் பார்த்தால் மிக அழகான யோசனை. இன்றைக்கும் எனக்கு அதன் மேல் ஒரு மயக்கம் உண்டு.

ஆனால் அது ஆயிரம் குதிரைத்திறன் இஞ்சினுக்குப் போட்ட அளவு. போர் வந்தது, இஞ்சினைப் பெரிதுபடுத்திக்கொண்டே போனார்கள். 1,425 குதிரைத்திறன் தரக்கூடிய ஆலிசன் வந்தபோது இறக்கை அதே இறக்கைதான். பறிமாற்றப் பரப்பு கூடவில்லை, உள்ளே ஓட வேண்டிய காற்று மட்டும் கூடியது. போதிய அளவு குளிராத காற்றை வாங்கினால் இஞ்சின் தட்டும், உடையும். அதனால் பி-38எச் ரகத்தில் உயரத்தில் முழுத் திறனை எடுக்கவே முடியாமல் கட்டுப்படுத்தி ஓட்டினார்கள். கையில் இருக்கிற சக்தி, மூச்சுக் குழாய் இடம் கொடுக்காததால் பயன்படவில்லை. இன்னொரு ஆபத்தும் இருந்தது. இறக்கையின் விளிம்பில் ஒரு குண்டு துளைத்தால் காற்று அங்கேயே கசிந்துவிடும்.

1943-இல் வந்த பி-38ஜே ரகத்தில் பழைய ஏற்பாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு இஞ்சினின் மூக்குக்கு அடியிலும் ரேடியேட்டர் போன்ற இண்டர்கூலரை வைத்தார்கள். பார்த்தவுடன் தெரியும், ஜே ரகத்துக்குத் தாடை தொங்கும். அழகு போச்சு, எதிர்க்காற்றின் தடையும் கூடியது. ஆனால் 1,425 குதிரைத்திறன் கிடைத்தது. காலியான இறக்கை விளிம்பில் பக்கத்துக்கு 55 காலன் பெட்ரோல் வைக்க இடமும் கிடைத்தது.

கதை இதோடு சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1943-44 குளிர்காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்கு மேலே குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக இவை பறந்தன. முப்பதாயிரம் அடி உயரம், வெளியே மைனஸ் 45 டிகிரி. எதிரியைக் காணும் வரை பெட்ரோலை மிச்சப்படுத்தி மெதுவாகத்தான் பறப்பார்கள். முழுத் திறனுக்கு அளவெடுத்த இண்டர்கூலருக்கு இப்போது வேலையே இல்லை. கொஞ்சம் காற்று போகிறது, அது தேவைக்கு மேல் குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிரில் பெட்ரோல் ஆவி திரும்பவும் துளிகளாகிறது. அதில் கலந்த ஈயச் சேர்மம் பிரிந்து ஸ்பார்க் பிளக்கில் படிகிறது. எதிரி தெரிந்து விமானி முழு விசை கொடுக்கும் நேரத்தில் இஞ்சின் தடுமாறும், சில சமயம் உடைந்தே போகும். எரிபொருள், ஓட்டும் பழக்கம், பயிற்சிக் குறை என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன, இண்டர்கூலர் மேல் மட்டும் பழி போடக் கூடாது. ஆனால் ஒரே பெட்டி, அதிகக் காற்று ஓடும்போது ஒரு மாதிரியும் குறைந்த காற்று ஓடும்போது வேறு மாதிரியும் நடந்துகொள்ளும் என்ற பாடத்துக்கு அந்த விமானிகள் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள்.

அதே காலத்தில் ரோல்ஸ்-ராய்ஸ்காரர்கள் வேறு வழியில் போனார்கள். ஸ்டான்லி ஹூக்கர் கணிதம் படித்தவர், 1938-இல் அங்கே சேர்ந்தவர். அவர் கைவைத்த மெர்லின் 61 இஞ்சினில் டர்போ கிடையாது. இஞ்சினே பல்சக்கரங்கள் வழியாகச் சுழற்றும் இரண்டடுக்குச் சூப்பர்சார்ஜர்தான். ஆனால் அமுக்கினால் சூடு என்ற விதி அதற்கும் பொது. காற்றைத் தூரத்துக்குக் கொண்டுபோய்க் குளிர வைக்காமல், இஞ்சினின் முதுகிலேயே ஒரு சிறிய பெட்டியை வைத்து அதற்குள் தண்ணீரும் கிளைக்காலும் கலந்த கரைசலை ஓடவிட்டார். காற்று நகரவில்லை, தண்ணீர் போய்ச் சூட்டை வெளியே கொட்டிவிட்டு வந்தது. காற்றின் பாதை குட்டையானதால் கட்ட வேண்டிய சுங்கமும் குறைந்தது. இந்த இஞ்சினோடு ஸ்பிட்ஃபயர் 9 ரகம் 1942-இல் போருக்கு வந்தது.

கார்களுக்கு டர்போ 1962-இல் அமெரிக்காவில் வந்தது. ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், ஷெவர்லே கொர்வேர் இரண்டுமே இண்டர்கூலர் இல்லாதவை. ஜெட்ஃபயர்காரர்கள் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த ஒரு திரவத்தைக் காற்றில் தெளித்துக் குளிர வைத்தார்கள். பெட்ரோல் மாதிரி அதையும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யார் ஊற்றுவார்கள்? 1973-இன் பிஎம்டபிள்யூ 2002 டர்போவிலும், 1975-இன் போர்ஷ 911 டர்போவிலும்கூட இண்டர்கூலர் இல்லை. 1978-இல் போர்ஷ அதைச் சேர்த்தது. 260 குதிரைத்திறன் 300 ஆனது. இஞ்சினின் கன அளவை 3.0 லிட்டரிலிருந்து 3.3-ஆகக் கூட்டியதும் அதில் ஒரு பங்கு. பின்னால் இருக்கும் இஞ்சினுக்கு மேலே, டீ தட்டு மாதிரியான அந்தப் பெரிய வாலுக்குள் இண்டர்கூலரை ஒளித்தார்கள். குழாய் குட்டை. பின்னாளில் சுபாரு இம்ப்ரெசா, இஞ்சினின் தலைமேல் வைத்து பானெட்டில் ஒரு மூக்கைத் திறந்துவிட்டதும் இதே காரணத்துக்காகத்தான். இதில் ஒரு தொல்லை, டிராஃபிக்கில் நின்றால் கீழேயிருக்கும் இஞ்சின் இதையே சூடாக்கிவிடும். காரின் முகத்தில் வைத்தால் நல்ல எதிர்க்காற்று கிடைக்கும், ஆனால் குழாய் நீளும், வளைவுகள் கூடும்.

பந்தயக் கார் உலகில் ரெனோ 1977 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் டர்போவை இறக்கியபோது எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்கள் 3 லிட்டர் இஞ்சின், இவர்கள் டர்போவோடு 1.5 லிட்டர். அடிக்கடி புகைவிட்டு நின்றதால் "மஞ்சள் டீ கெட்டில்" என்று பட்டப்பெயர். ஒரே பெரிய டர்போவுக்குப் பதில் 1979-இல் இரண்டு சிறியவற்றை வைத்தார்கள். ஓட்டத்தை இரண்டு பாதையாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் பாதிக் காற்று, பாதிக் காற்றுக்குக் கால் பங்கு இழப்பு என்பது பொதுவான கணக்கு. 1979 ஜூலை 1 அன்று ழான்-பியர் ஜபூய் ஓட்டிய ரெனோ, டர்போ காருக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றியைத் தந்தது. எந்த ஊரில் என்று நினைக்கிறீர்கள்? டிஜோனில்! டார்சி தண்ணீர் கொண்டுவந்த அதே டிஜோன். தற்செயல்தான், ஆனால் எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

நம் நாட்டில் இண்டர்கூலர் வேகத்துக்காக வரவில்லை, புகைக்காக வந்தது. குளிர்ந்த காற்றில் எரிந்தால் நெருப்பறையின் உச்சச் சூடு குறையும், நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு குறையும். 2000-இல் வந்த விதிகள், 2005-இல் பெருநகரங்களில் பாரத் 3, 2010-இல் பாரத் 4, 2020 ஏப்ரலில் நாடு முழுக்க பாரத் 6 என்று கயிறு இறுக இறுக, லாரிகளுக்கும் பஸ்களுக்கும் இது ஆடம்பரம் என்ற பேச்சே போய்விட்டது. டாடாவின் 697 டிசிஐசி இஞ்சினைத் தெரியாத லாரிக்காரர் அந்த நாளில் இல்லை.

லாரிக்கு ஒரு தனிச் சோதனை உண்டு, மலையேற்றம். கண்டாலா மேல் போர் காட்டில் பாரத்தோடு ஏறும் லாரியைப் பாருங்கள். இஞ்சின் முழு மூச்சு வாங்குகிறது, உள்ளே ஓடும் காற்று உச்சத்தில், அழுத்த இறக்கமும் உச்சத்தில். வண்டியோ நடை வேகத்தில். வெளியே மோத வேண்டிய எதிர்க்காற்று இல்லை, விசிறி தருவதுதான். உள்ளே அதிகபட்சம், வெளியே குறைந்தபட்சம்.

பல வருஷங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு நாமக்கல்காரர் இந்த மலையில் மாட்டிக்கொண்டார். ஒரே ஒரு லாரி வைத்திருந்தவர், தவணை கட்டிக்கொண்டிருந்தவர். மும்பையிலிருந்து ஏறும்போது கறுப்புப் புகை, இழுவை இல்லை. ஒரு பட்டறையில் "டர்போ போயிடுச்சு" என்று மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி அதே கதை, மறுபடி மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். மூன்றாவது முறை சொன்னபோதுதான் என்னிடம் வந்தார். "சார், இதுக்கு மேல வண்டியை வித்துட்டு ஊருக்குப் போறதுதான் பாக்கி" என்றார்.

பட்டறையில் அவர்கள் ஒன்றும் பார்க்காமல் இல்லை. இஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு இண்டர்கூலருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தைப் பார்த்திருக்கிறார்கள், முள் இரண்டு பக்கமும் ஒன்றாகவே நின்றிருக்கிறது. "இண்டர்கூலர் நல்லா இருக்கு" என்று தீர்ப்பு. ஐடிலில் அப்படித்தான் காட்டும். 600 சுற்றில் காற்றின் வேகம் முழு ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. டர்போவும் அமுக்கவில்லை, எனவே அடர்த்தியும் பாதிக்குக் கீழே. வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியோடு பெருக்கினால் இழப்பு இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கடிகார முள்ளுக்கு அது தெரியாது.

இரண்டு கேஜுக்கும் நீளமான ரப்பர் டியூப் போட்டு கேபினுக்குள் கொண்டுவந்தோம். பாரத்தோடு காட் ஏறினோம், நான் கிளீனர் இடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தேன். சமதரையில் வித்தியாசம் சொற்பம். ஏற்றத்தில் அவர் மிதிக்க மிதிக்க முள் இரண்டும் பிரிந்தன. முன்பக்கம் 1.5 பார், பின்பக்கம் 1.1. டர்போ தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. 0.4 பார் இண்டர்கூலருக்குள் காணாமல் போனது. டீசல் பம்போ வழக்கமான அளவைத் தள்ளுகிறது, காற்று பற்றவில்லை, புகை வராமல் என்ன செய்யும்?

இண்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தபோது காரணம் வெளியே வந்தது. முதல் டர்போவின் சீல் போனபோது கசிந்த எண்ணெய் அதற்குள் போயிருக்கிறது. ஃபில்டர் ஹோஸில் ஒரு கீறல் வழியாக வந்த தூசி அதில் ஒட்டி, சூட்டில் வெந்து, தார் மாதிரி குழாய்களின் சுவரில் படிந்திருந்தது. டர்போவை இரண்டு முறை மாற்றியவர்கள் இதை ஒரு முறை கழுவவில்லை. பாதி அடைத்துப்போன பெட்டியில் மிச்சக் குழாய்கள் வழியாக எல்லாக் காற்றும் இரட்டை வேகத்தில் போக வேண்டும், நான்கு மடங்கு இழப்பு. கரைப்பான் ஊற்றி ஊறவைத்து, மூன்று முறை அலசி, காயவைத்து, புது ஹோஸ் போட்டு மாட்டினோம். அதே ஏற்றத்தில், அதே பாரத்தில் வித்தியாசம் 0.1 பாருக்கு இறங்கியது. ஆன செலவு ஒரு டர்போவின் விலையில் பத்தில் ஒரு பங்கு இருக்காது. அவர் அந்த வண்டியை அதற்கப்புறம் ஆறு வருஷம் ஓட்டினார்.

இப்போது வரும் சிறிய பெட்ரோல் டர்போ கார்கள் சிலவற்றில் முகத்தில் காற்று இண்டர்கூலரே இருக்காது. 2007 வாக்கில் ஃபோக்ஸ்வாகன் தன் 1.4 லிட்டர் டிஎஸ்ஐ இஞ்சின் ஒன்றில், காற்று இஞ்சினுக்குள் நுழையும் மேனிஃபோல்டுக்குள்ளேயே தண்ணீர் ஓடும் இண்டர்கூலரை வைத்தது. டர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காற்று போகும் தூரம் வெகுவாகச் சுருங்கியது. குழாயில் நிரப்ப வேண்டிய காற்றும் குறைவு என்பதால், மிதித்தவுடன் இழுவை வருகிறது. சூட்டைச் சுமந்துகொண்டு முன்பக்கம் போய்வரும் வேலையைத் தண்ணீர் பார்க்கிறது, ஒரு சின்ன மின்சாரப் பம்பு அதைத் தள்ளுகிறது. 1942-இல் ஹூக்கர் மெர்லினின் முதுகில் வைத்தது இதைத்தான், அளவு மட்டும் வேறு.